பாதியில் நின்ற கூரை: பம்ப் மாற்றுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி:

என் மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு சென்னையில் செகண்ட் ஹேண்டாக ஒரு கன்வெர்டிபிள் கார் வாங்கி எங்கள் வீட்டு ஷெட்டில் விட்டுவைத்திருக்கிறார். துணிக் கூரை. பட்டனை அழுத்தினால் தானாக மடிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை நான் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன்.

தீபாவளிக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சுவாமிமலை போய்விட்டுத் திரும்பும்போது பிள்ளைகள் கேட்டார்களே என்று வயலோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பாட்டை மட்டும் ஓடவிட்டுக் கூரையைத் திறந்தோம். பாதி எழும்பி அப்படியே நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினால் 'கூரை பழுது' என்று எழுத்து வந்தது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் களத்தில் நெல் மூட வைத்திருந்த தார்ப்பாயை வாங்கிப் போர்த்தி, மாட்டு வண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். அப்புறம் திருச்சியிலிருந்து ஒருவர் வந்து கையால் மூடிக் கொடுத்தார். ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார். பேட்டரியில் கோளாறு இல்லை, செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது. கண்ணாடிகள்தான் முன்புபோல ஒரே தட்டலில் ஏறுவதில்லை. பொங்கலுக்கு மாப்பிள்ளை வருகிறார். அதற்குள் பம்பை மாற்றிவிடலாமா? ஊரில் இந்த மாதிரி வண்டி ஒன்றே ஒன்றுதான், அதனால் மாடலையும் என் பெயரையும் போட வேண்டாம்.

(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம் வட்டம்)

பதில்:

வணக்கம் ஐயா. பம்புக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். திருச்சிக்காரர் சொல்வது தப்பு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நாலு இடத்தில் பேட்டரி தலைகாட்டுகிறது. மாதத்துக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டது, எஞ்சினை அணைத்துவிட்டுக் கூரையைத் திறந்தது, கூடவே பாட்டு ஓடியது, இப்போது கண்ணாடி ஒரே தட்டலில் ஏறாதது. இத்தனையும் ஒரே கடிதத்தில் இருக்கும்போது நான் டிக்கியைப் பிரித்துப் பம்பைப் பார்க்க மாட்டேன், முதலில் மீட்டரைத்தான் எடுப்பேன்.

'செல்ஃப் எடுக்கிறது, அப்படியென்றால் பேட்டரி நல்லது' என்று தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எல்லோரும் சொல்வதுதான். பழைய அம்பாசடருக்கு அது சரி. இந்த வண்டிக்குப் போதாது. செல்ஃப் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும், ஆனால் ஒரு நொடி, ஒன்றரை நொடிதான். அந்த நேரத்தில் வோல்டேஜ் 10 வரை இறங்கினாலும் எஞ்சின் பிடித்துவிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கூரையின் கதை வேறு. முதலில் நாலு கண்ணாடியும் கொஞ்சம் இறங்க வேண்டும். கூரை மடிந்து உட்காரும் குழியை மூடியிருக்கும் பின்மூடியின் பூட்டு விடுபட வேண்டும், மூடி தூக்க வேண்டும், முன் கண்ணாடிச் சட்டத்தில் பிடித்திருக்கும் கொக்கி கழல வேண்டும், கூரை மடிய வேண்டும், மூடி திரும்ப இறங்கிப் பூட்ட வேண்டும். இதற்கெல்லாம் பதினைந்து முதல் இருபத்தைந்து நொடி ஆகும். அத்தனை நேரமும் பம்ப் மோட்டார் பெரிய சுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கூரையின் கனம் முழுக்க, பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் உருளையின் மேல் விழும் இடத்தில் இழுவை இன்னும் ஏறும். உங்கள் கூரை 'பாதி எழும்பி' நின்றது என்கிறீர்களே, அநேகமாக அந்த இடம்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்கப் பம்புசெட்டே போதும். லோ வோல்டேஜில் மோட்டாரைப் போட்டால் உறுமும், தண்ணீர் ஏறாது, விட்டால் காயில் கருகும். காரில் மோட்டாரைக் கருக விடுவதில்லை. கூரைக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. அது வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கென்று வைத்த எல்லைக்குக் கீழே போனால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். எல்லை எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னொரு கணக்கும் அதனிடம் உண்டு. கூரை ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டும்போது சின்னச் சின்ன சென்சார்கள் 'வந்தாச்சு' என்று சேதி சொல்லும். சேதி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் எங்கோ சிக்கிக்கொண்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சேதி தாமதமாகும். இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லாமலே 'கூரை பழுது' என்று எழுத்து வருவது இப்படித்தான். கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறவருக்கும் 'பம்ப்', 'நேரம் கடந்தது' என்று பழுதுக் குறியீடு, அதாவது 'கோடு', வரும். அதைப் படித்துவிட்டுப் பம்பைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். பழுதுகள் பதிவான வரிசையையும், அந்த நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இருந்தது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். 'வோல்டேஜ் குறைவு' என்ற கோடு அந்தப் பட்டியலில் இருந்ததா என்று திருச்சிக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, மாதம் தவறாமல் ஸ்டார்ட் செய்தும் பேட்டரி ஏன் இறங்கியது? இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கு கணக்குதான். பூட்டி நிறுத்திய காரும் சும்மா இருப்பதில்லை. அலாரம், சாவியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். 50 என்றே வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). முப்பது நாளைக்கு 36. உங்கள் வண்டியில் இருப்பது 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் பாதி காலி. பத்து நிமிடம் ஐடிலில் ஓடினால் திரும்ப ஏறுவது இரண்டு, மூன்று. ஏசியும் போட்டிருந்தால் அதுவும் இல்லை. நீங்கள் அக்கறையாகச் செய்த காரியம்தான், ஆனால் பேட்டரிக்கு அது கண்ணில் படவேயில்லை. சுவாமிமலை போய்வந்த தூரமும் அப்படியே. காலியாகிக் கிடந்த பேட்டரியை அரை மணி ஓட்டம் நிரப்பிவிடாது.

அதோடு நம் வெயில். அமிலப் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாற்றம், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். குளிர் நாட்டில் ஆறு, ஏழு வருடம் தாங்கும் பேட்டரி இங்கே மூன்று, நாலு வருடத்தில் கை விரிப்பது அதனால்தான். சார்ஜ் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் இறுகிப் போகும். அப்புறம் அது விசித்திரமாக நடந்துகொள்ளும். மீட்டர் வைத்தால் 12.5 காட்டும், சுமை போட்டால் படக்கென்று விழும். வண்டியை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, அதிலிருக்கும் பேட்டரி எப்போது போட்டது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மேல்பக்கமோ டெர்மினல் ஓரமோ தேதி முத்திரை இருக்கும், பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பானெட்டைத் திறந்துவைத்து, வண்டியைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். அரை மணியாவது கழித்து அளவெடுங்கள். கதவைத் திறந்த உடனே அளந்தால் காரிலுள்ள கணினிகள் எல்லாம் விழித்துக்கொண்டு இழுக்கும், அளவு பொய் சொல்லும். 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். உங்கள் வண்டியில் இருக்கும் அளவு 12.2ஐத் தாண்டாது என்பது என் ஊகம்.

பல கன்வெர்டிபிள்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். அப்படி இருந்தால் பானெட்டுக்கு அடியில் பிளஸ் குறி போட்ட ஒரு சிவப்பு மூடி இருக்கும், அதைத் திறந்து அங்கே அளக்கலாம். கூரை பாதியில் நிற்கும்போது டிக்கி திறக்காது என்பதாலும் அந்த இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து முழு சார்ஜ். இதற்குத் தானாக அளவு பார்த்துக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் வேண்டும். பேட்டரியின் மேல் ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்த வகை) என்று போட்டிருந்தால் சார்ஜரிலும் அந்த நிலையை வையுங்கள். சிவப்பு கவ்வி பிளஸ்ஸில். கறுப்பு கவ்வியைப் பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், பாடியில் எர்த்துக்கென்று விட்டிருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் மைனஸ் டெர்மினலோடு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். போவது, வருவது எல்லாம் அதன் வழியாகப் போனால்தான் வண்டிக்குக் கணக்கு தெரியும். ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பேட்டரி கடையில் வரிசையாக வைத்து ஏற்றும் பழைய சார்ஜரை வண்டியோடு இணைத்துவிடாதீர்கள், அது எவ்வளவு வோல்டேஜ் தள்ளுகிறது என்று அதற்கே தெரியாது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஒயர் இழுப்பதும் வேண்டாம். லாரியிலிருந்து ஜம்ப் கொடுப்பது அறவே கூடாது. லாரியில் 24 வோல்ட், உங்கள் வண்டியில் 12. கூரைக் கணினி மட்டுமில்லை, எல்லாக் கணினியும் சேர்ந்து போய்விடும்.

சார்ஜ் ஏறிய மறுநாள் காலையில் பேட்டரி கடைக்காரரை வரவழைத்து லோடு டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். சுமை போட்டும் 9.6க்கு மேலே தாக்குப்பிடித்தால் பேட்டரியை வைத்துக்கொள்ளலாம். விழுந்தால் புதிது போடுங்கள். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் போட வேண்டும், விலையைப் பார்த்து சாதாரணப் பேட்டரி போட்டுவிட்டால் சீக்கிரமே திரும்ப இதே கடிதத்தை எழுதுவீர்கள். சில வண்டிகளில் புதுப் பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் வண்டிக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய பேட்டரி என்று நினைத்துக்கொண்டே சார்ஜ் ஏற்றும்.

இப்போது கண்ணாடி. வோல்டேஜ் அடியோடு இறங்கி ஏறும்போது, கண்ணாடி எங்கே முழுதாக ஏறியது, எங்கே முழுதாக இறங்கியது என்ற நினைவைப் பவர் விண்டோ இழந்துவிடும். உங்கள் கண்ணாடி ஒரே தட்டலில் ஏறாததற்குக் காரணம் அநேகமாக இதுதான். கூரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கண்ணாடி இறங்கிவிட்டது என்ற சேதி கிடைக்காவிட்டால் கூரைக் கணினி அடுத்த அடி எடுத்து வைக்காது. மடியும் கூரை கண்ணாடியில் மோதிவிடுமே. பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு கண்ணாடியையும் முழுக்க ஏற்றி, ஏறிய பின்னும் சில நொடி பட்டனை விடாமல் பிடித்து, அப்புறம் முழுக்க இறக்கி அதேபோலப் பிடித்தால் நினைவு திரும்பிவிடும். சரியான முறை வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் மாப்பிள்ளையிடம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூரை விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் அதற்கும் இது ஒரு சாக்கு.

இத்தனையும் முடித்து, ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்துவிட்டுத்தான் கூரையைத் திறந்து பார்க்க வேண்டும். வண்டி சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டு, ஏசியும் விளக்கும் அணைந்து, டிக்கிக்குள் சாமான் தடுப்புத் திரை கீழே இறங்கி இருக்கட்டும். அந்தத் திரை மேலே மடிந்திருந்தாலும் கூரை அசையாது, அதற்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் உண்டு. மழையில் நனைந்த துணியை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

கூரையை இயக்கும்போது ஒருவரை உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே நின்று காதையும் கண்ணையும் கொடுங்கள். ஒருவேளை திரும்பவும் நின்றால் எப்படி நின்றது என்பதுதான் எல்லாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் இன்னமும் மின்சாரம்தான் சந்தேகம்: பேட்டரி, எர்த் ஒயர், லூசான டெர்மினல். ஒவ்வொரு தடவையும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் நின்றால் அந்தக் கட்டத்துக்கான சென்சார் அல்லது கொக்கி. பம்ப் சத்தம் நன்றாகக் கேட்கிறது, கூரை நகரவில்லை என்றால் எண்ணெய் குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. டிக்கி ஓரத்துக் கம்பளத்தை விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். ஒரு பக்கம் முன்னே போய் மறுபக்கம் பின்தங்கினால் அந்தப் பக்க உருளையைப் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பியூஸ், ரிலே, ஒயர். முழு சார்ஜ் இருந்தும், மோட்டாருக்கு மின்சாரம் வருவதை மீட்டரில் பார்த்தும் அது சுற்றவே இல்லை என்றால்தான் பம்ப் மோட்டார் என்ற பேச்சுக்கு வர வேண்டும்.

ஒயர் என்று சொன்னதும் எலியைச் சொல்லாமல் விட முடியாது. டெல்டாவில் அறுப்பு முடிந்த கையோடு வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். ஆள் புழங்காத ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியைவிட வசதியான இடம் அதற்குக் கிடையாது. கூரைக்குப் போகும் ஒயர்க்கட்டு டிக்கி ஓரமாக, மறைவாக ஓடுகிறது. டிக்கி கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். வைக்கோல் துணுக்கு, நெல் உமி, புழுக்கை ஏதாவது கண்ணில் பட்டால் பட்டனில் கை வைக்காமல் முதலில் ஒயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கூரை மடியும் குழியின் இரண்டு மூலையிலும் இருக்கும் வடிகால் துளைகளையும் பாருங்கள். வேப்பிலை, புங்க இலை அடைத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சில மாடல்களில் பம்ப் மோட்டார் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடத்திலேயே இருக்கிறது. அந்த மாடல்களில் பம்ப் இப்படி நனைந்து நிஜமாகவே சாவதும் உண்டு. அதனால் திருச்சிக்காரர் பம்பைத் திறந்து காட்டினாரா, துருவோ ஈரமோ இருந்ததா என்றும் கேளுங்கள்.

பாதியில் நின்ற கூரையைக் கையால் தள்ள முயற்சி செய்யாமல் இருந்தீர்களே, அது நல்ல வேலை. எண்ணெய் அழுத்தம் பூட்டிக்கொண்டிருக்கும்போது தள்ளினால் இரும்புச் சட்டமே வளைந்துவிடும். பம்பில் ஒரு வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகு, இரண்டு பேர் இரு பக்கமும் ஒரே சமமாகத் தூக்கித்தான் மூட வேண்டும். ஆள் வந்து மூடிக் கொடுத்தார் என்றீர்கள். அந்த வால்வைத் திரும்ப இறுக்கினாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது திறந்தே கிடந்தால் பம்ப் எவ்வளவு ஓடினாலும் கூரை அசையாது, 'பாருங்கள், பம்ப் போய்விட்டது' என்று சொல்ல வசதியாகவும் இருக்கும்.

இனிமேல் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஷெட்டில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சின்ன மெயின்டெய்னர் சார்ஜரை நிரந்தரமாக மாட்டிவைக்கலாம். மின்சாரம் போய் வந்தாலும் அது தானாக வேலையைத் தொடரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். அதோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை வெளியே எடுத்து, திருவையாறு வரையாவது போய்த் திரும்புங்கள். பேட்டரிக்கு மட்டுமில்லை, டயருக்கும் பிரேக்குக்கும் அது வேண்டியிருக்கிறது. கூரையை எஞ்சின் ஓடும்போது மட்டும் திறக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், பட்டனை அழுத்தப்போவது அவர்கள்தான்.

பொங்கலுக்கு நேரம் இருக்கிறது. சார்ஜ் ஏற்றுவதற்கு முன்பு மீட்டர் காட்டியது எவ்வளவு, ஏற்றிய மறுநாள் எவ்வளவு, கூரை எந்த இடம் வரை போனது, பம்ப் சத்தம் எப்படி இருந்தது, இந்த நாலையும் குறித்து எழுதுங்கள். அதற்கு அப்புறமும் பம்ப்தான் என்று தெரிந்தால், புதிதாக மாற்றுவதா, மோட்டாரை மட்டும் காயில் கட்டிப் பார்ப்பதா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.